அலீகரை விட்டுப் போன ஆசான்

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை. மஃரிப் தொழுகை முடிந்து, எங்கள் ஆத்தூர்ப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். கல்லூரியில் கணிதம் பயிலும் எங்கள் தெருப் பிள்ளை ஒருவர் புத்தகமும் கையுமாக வந்து சலாம் உரைத்தார். "ஹஜ்ரத், இதில் 'சேலம் எண்கள்' என்று ஓர் எண்வகை வருகிறது. நம் சேலமா இது? நம்மூர்க்காரர் யாரேனும் கண்டுபிடித்ததா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது, ஆம் என்று சொல்லவே எமக்கும் ஆசையாக இருந்தது. ஆத்தூரைப் பற்றி வெளியூரார் அறிந்தவை வெற்றிலை, மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி என்னும் மூன்றுதான். நான்காவதாக எண்ணொன்றும் சேருமாயின் யாருக்குக் கசக்கும்?

ஆயினும் அறியாததை அறிந்தது போலச் சொல்லலாகாது என்று எம் உஸ்தாதுமார் எம்மை வளர்த்திருந்தனர். "விசாரித்துச் சொல்கிறோம், தம்பி" என்று அனுப்பிவிட்டோம். அந்த விசாரணை எம்மைச் சேலத்திலிருந்து ஸலோனிக்காவுக்கும், அங்கிருந்து அலீகருக்கும், டாக்காவுக்கும், ஈற்றில் சென்னைச் சேப்பாக்கத்துக்கும் கொண்டு போய் விட்டது. வழியில் தமிழர் ஒருவரைச் சந்தித்தோம். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அவர் பெயர் பேசப்படுவதில்லை. மற்றத் தமிழ் இல்லங்களிலுந்தான் எத்தனை பேர் பேசுகின்றனர்? ஆயின் அவர் வாழ்வின் ஒரு திருப்பம் நம் சமுதாயத்தின் தலையாய கல்விச்சாலையில் நிகழ்ந்தது. அதனை நாம் அறிந்திருத்தல் வேண்டும் என்பதனாலேயே இதை எழுதுகின்றோம்.

முதலில் பிள்ளையின் கேள்விக்கு விடை. அந்தச் சேலம் நம் சேலம் அன்று. ரஃபாயேல் சலெம் என்பவர் 1898-ஆம் ஆண்டில், அன்று உஸ்மானியப் பேரரசின் துறைமுக நகராயிருந்த ஸலோனிக்காவில் பிறந்த யூதர். சிறு வயதிலேயே பாரீசுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். நெடுநாள் வங்கி அலுவலராக இருந்துகொண்டே கணிதம் செய்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் குடியேறிப் பேராசிரியரானார். அவர் பெயரைச் செவியுறும்போது 'ஸலாம்' என்னும் மூலத்தின் ஒலியே எமக்குக் கேட்கிறது. நம் சேலத்துக்கோ 'சைலம்', அதாவது மலை, என்று பெயர்க்காரணம் கூறுவோர் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. பிள்ளை சற்றே வாடித்தான் போனார். ஆயினும் அவருக்கு ஆறுதலாகச் சொல்ல எம்மிடம் வேறொன்று இருந்தது. சலெம் கண்ட எண்கள் வேறோர் எண்குடும்பத்தின் பங்காளிகள். அந்த மூத்த குடும்பத்துக்குச் சலெமே தம் கட்டுரைகளில் சூட்டிய பெயர் 'பிஸோ–விஜயராகவன் எண்கள்'. பிஸோ பிரெஞ்சுக்காரர். விஜயராகவன் நம் தமிழ்நாட்டார்.

மதரஸாவில் ஓதியவருக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வாரிசுரிமைப் பங்கீட்டுக் கல்வியாகிய ஃபராயிழ் படித்தவர்களை இவ்வாறு கேட்கலாகாது. மனைவிக்கு எட்டிலொன்று, தாய்க்கும் தந்தைக்கும் ஆறிலொவ்வொன்று, பெண்மக்கள் இருவருக்கு மூன்றிலிரண்டு என்று 24 பங்காகப் பிரிக்கப் புகுந்தால் பங்குகள் 27 ஆகிவிடும். அங்கே என்ன செய்வது என்பதை ஓலைப்பாயில் அமர்ந்து விரல் விட்டு எண்ணிக் கற்றவர்கள் நாம். பக்தாதில் கலீபா மஃமூன் காலத்தில் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய 'அல்ஜப்ர் வல்முகாபலா' நூலின் பெரும் பகுதி மரண சாசனங்களையும் வாரிசுப் பங்குகளையும் பற்றியதே. 'ஜப்ர்' என்றால் முறிந்ததைப் பொருத்துதல். எலும்பு முறிவைக் கட்டுவதற்கும் அரபியில் அச்சொல்லே வழங்கும். ஆகவே அல்ஜீப்ரா எமக்கு அயல் வீட்டுப் பிள்ளை அன்று. உயர்கணிதத்தின் நுட்பங்கள் எமக்கு எட்டாதவை என்பதையும் ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

விஜயராகவனின் எண் எத்தகையது? இரண்டின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள், 2.414 என்று வரும். அதனை அதனாலேயே பெருக்கினால் 5.828. மீண்டும் பெருக்கினால் 14.071. பின்னர் 33.971, 82.012, 197.995. உற்று நோக்குங்கள். ஆறு, பதினான்கு, முப்பத்து நான்கு, எண்பத்திரண்டு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்னும் முழு எண்களின் வாசலை ஒவ்வொரு முறையும் மேலும் மேலும் நெருங்குகிறது, நுழைவதில்லை. காரணம் யாதெனில், இவ்வெண்ணுக்கு மறைவான இணை ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து இரண்டின் வர்க்கமூலத்தைக் கழித்தால் கிடைக்கும் அந்த இணை ஒன்றினும் சிறியது. பெருக்கப் பெருக்க அது தேய்ந்துகொண்டே போகும். இரண்டின் அடுக்குகளையும் கூட்டினால் சரியாக முழு எண் வரும். தேய்கின்ற இணைதான் மற்றதை முழு எண்ணுக்கு அருகே நிறுத்துகிறது. எல்லா எண்ணுக்கும் இக்குணம் இல்லை. ஒன்றரையை எடுத்து அவ்வாறே பெருக்கிச் செல்லுங்கள்: 2.25, 3.375, 5.0625, 7.59375 என்று அதன் பின்னப் பகுதி தன் மனம்போல அலையும். அந்த அலைச்சலுக்கு ஒழுங்குண்டா என்பதை இன்றுவரை யாரும் முழுமையாக நிறுவினாரல்லர். ஒன்றரை என்னும் எளிய எண்ணிலேயே இத்தனை இருள்!

திருக்கண்ணபுரம் விஜயராகவன் 1902 நவம்பர் 30 அன்று பிறந்தார். பெயரின் முன் நிற்கும் ஊர் வைணவர்களின் புகழ்பெற்ற திருத்தலம். வடமொழியிலும் தமிழிலும் தேர்ச்சி மிக்கவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அக்காலத்தில் கணிதம் போதித்தவர் பேராசிரியர் ஆனந்தராவ்; கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று திரும்பியவர். இவரைப் பற்றித் தனியே எழுதத் தகும். விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, கணபதி ஐயர், இராஜகோபால், சந்திரசேகரன் என்று இவரிடம் பயின்று தேறியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டால் அந்தத் தலைமுறையின் தமிழ்நாட்டுக் கணித வரலாற்றில் மிஞ்சுவது சிறிதே. ஆசான் ஒருவர் ஒரு வகுப்பறையில் நின்று இத்தனை விளக்குகளை ஏற்றினார்.

1925-இல் விஜயராகவன் ஆக்ஸ்ஃபோர்டு சென்று ஹார்டியிடம் பயின்றார். இராமானுஜனைக் கண்டெடுத்த அதே ஹார்டிதான். ஈரோட்டில் பிறந்தவரும், நம் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நாமக்கல்லின் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தவருமான இராமானுஜன், 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு வினா விடுத்திருந்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதனுள் இன்னொன்று என்று முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது வினா. விடை வெறும் மூன்று! இவ்வாறு உள்ளே உள்ளே செல்லும் கோவைகள் எப்போது ஒரு மதிப்பில் நிலைக்கும், எப்போது கைநழுவிப் போகும் என்பதற்கான வரையறையை விஜயராகவன் வகுத்தார். 1927-இல் வெளிவந்த இராமானுஜன் கட்டுரைத் தொகுப்பில் அக்குறிப்பு இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 24. மறைந்த மேதையின் நூலில் ஓரத்திலேனும் ஓர் இடம் பெறுதல் சிறிய காரியம் அன்று.

இனி அலீகர். எம் பேனா இங்கே சற்று நிற்கும், வாசகர் பொறுத்தருள்க.

ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875-இல் தொடங்கிய கல்விச்சாலை 1920-இல் முஸ்லிம் பல்கலைக் கழகமாயிற்று. சில ஆண்டுகளிலேயே அதன் நிருவாகத்தைப் பற்றிக் குறைகள் எழுந்து, 1927-இல் ஸர் இப்ராஹீம் ரஹ்மத்துல்லாஹ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1929-இல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் ஸர் ஸையிதின் பேரர் ஸையித் ராஸ் மஸ்ஊத். ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1924-இல் தம் 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' நூலைக் காணிக்கையாக்கியது இவருக்கே. ஐதராபாத்தில் கல்வித் துறைக்குத் தலைமை தாங்கி, உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தின் தோற்றத்துக்கும் துணை நின்றவர். பாட்டனாரின் கல்விச்சாலையை உலகத் தரத்துக்கு உயர்த்திவிட வேண்டும் என்னும் தாகம் அவருக்கு இருந்தது. அதற்கு எங்கிருந்தாயினும் தக்காரைக் கொணர்தல் வேண்டும் என்னும் பெருநோக்கும் இருந்தது.

அப்போது பாரீசில் ஓர் இளைஞர். பெயர் ஆந்த்ரே வைல், யூதக் குடும்பத்தவர். பின்னாளில் மெய்ஞ்ஞானச் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற சிமோன் வைல் இவருடைய தங்கை. 1928-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சில்வேன் லெவி என்னும் கீழைக்கலைப் பேரறிஞரிடம் வடமொழி கற்று, இந்தியா மீது காதல் கொண்டிருந்தார். மஸ்ஊத் முதலில் பிரெஞ்சு நாகரிகத்தைப் போதிக்க அவரை அழைக்க எண்ணினார். அப்பதவியை ஏற்படுத்த முடியவில்லை. கணிதப் பேராசிரியர் பதவி காலியாக உள்ளது, சம்மதமா என்று தந்தி போயிற்று. வைல் சம்மதித்தார். 1930-இன் தொடக்கத்தில், 23 வயதில், அலீகர் வந்து கணிதத் துறையின் தலைவரானார். முன்பிருந்த ஆசிரியர்களின் தகுதியை ஆய்ந்து, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது என்று கூறும் பொறுப்பும் அவர் தலைமேல் வைக்கப்பட்டது. மீசை முளைத்த அடுத்த நாளே பஞ்சாயத்து நாற்காலியில் அமர்த்தியது போல!

வைல் செய்த நற்காரியம், தம்மோடு பணியாற்றத் திறமை ஒன்றையே பார்த்து ஆட்களைத் தேடியதாகும். விஜயராகவன் வந்தார். காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் இருந்த தாமோதர் தர்மானந்த கோசம்பி 1931-இல் வந்தார். முஸ்லிம் பல்கலைக் கழகத்தின் கணிதத் துறையை ஒரு பிரெஞ்சு யூதர், ஒரு தமிழ் வைணவர், கோவாவில் பிறந்து அமெரிக்காவில் கல்வி பெற்ற ஒரு பௌத்த அறிஞரின் மகன் ஆகிய மூவர் நடத்தினர். மூவருமே முப்பதை எட்டாதவர்கள். அவர்களை அங்கே வரவழைத்தவரோ ஸர் ஸையிதின் பேரர். நம் முன்னோர் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் கிறிஸ்தவரையும் ஸாபியரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தி நூல்களைப் பெயர்க்கச் செய்தனர் என்று மேடைதோறும் நாம் முழங்குகிறோம். அதன் சாயல் 1931-இல் அலீகரில் விழுந்தது என்பதை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை.

அந்நாள்களில் வேடிக்கையும் குறைவில்லை. கோசம்பிக்கும் உடன்பணியாளர் ஒருவருக்கும் மனத்தாங்கல் இருந்ததாம். அவரை மடக்குவதற்கு வைல் ஒரு குறும்பான வழி சொல்லிக் கொடுத்தார். அதன்படி, இல்லாத ஓர் உருசியக் கணித அறிஞரைக் கற்பித்து, அவர் பெயர் 'பூர்பாக்கி' என்று சொல்லி, அவருடைய 'இரண்டாம் தேற்றத்தை' விரிவுபடுத்துவதாக ஒரு கட்டுரையைக் கோசம்பி எழுதினார். 1931-இல் அது ஐக்கிய மாகாண அறிவியல் கழகத்தின் இதழில் அச்சேறியும் விட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் பிரான்சில் வைலும் அவர் நண்பர்களும் கூடி, அதே கற்பனைப் பெயரில் தொகுதி தொகுதியாக நூல்கள் எழுதி, இருபதாம் நூற்றாண்டின் கணிதத்தையே புதிதாகக் கட்டியமைத்தனர். பூர்பாக்கி என்னும் பெயர் இன்று உலகெங்கும் கணித மாணவர் அறிந்த ஒன்று. கணிதக் கட்டுரை ஒன்றில் அது தலை காட்டியது முதலில் இங்கேதான்.

விஜயராகவன் வைலுக்கு உற்ற தோழரானார். வடமொழி இருவரையும் பிணைத்தது. கணிதம் இறுக்கிக் கட்டியது. 1931-இல் திருவனந்தபுரத்தில் கூடிய இந்தியக் கணிதக் கழக மாநாட்டில், இந்தியப் பல்கலைக் கழகங்களில் கணிதத்தின் நிலை பற்றி வைல் உரையாற்றினார். தமக்குப் பணி தந்த நாட்டின் கல்வி முறையைப் பற்றி இளம் அயல்நாட்டார் ஒருவர் பேசுவதென்றால் துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. பல்கலைக் கழகத்துக்குள் கட்சிகள் இருந்தன. வைலுக்கோ நெளிந்து போகும் கலை தெரியாது. இரண்டே ஆண்டுகளில் அவருடைய பதவி பறிக்கப்பட்டது. 1932-இல் இந்தியாவை விட்டே அவர் சென்றார். விஜயராகவன் என்ன செய்தார்? தலைமை நாற்காலி காலியாகிறது. அடுத்த தகுதி அவருக்கே. இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. குடும்பம் உள்ளவன், வேலை தேடி அலைய முடியுமா என்று உலகம் நியாயம் பேசியிருக்கும். அவர் தோழருக்கு இழைக்கப்பட்டதை ஏற்க மறுத்து, அலீகரை விட்டு டாக்காப் பல்கலைக் கழகத்துக்குப் போய்விட்டார். கோசம்பியும் 1933-இல் பூனாவின் ஃபெர்குசன் கல்லூரிக்குச் சென்றார். துறையின் மூன்று தூண்களும் போயின.

இதை எழுதும்போது எம் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது; அதனையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் அரபு போதித்த ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிற சமயத்தவர். மாலையில் விளக்கு வைத்த பின்னும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருவார். ஒரு காசு வாங்கமாட்டார். நிருவாகத்தில் இருவருக்குள் எழுந்த பூசலில், யாருடைய ஆள் என்று தெரியாத அவர் நடுவில் அகப்பட்டு வேலை இழந்தார். அவருக்காக ஒரு சொல் சொல்லும்படி பெற்றோர் சிலர் எம்மிடம் வந்து கேட்டனர். "ஹஜ்ரத், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றனர். நாம் சொல்லவில்லை. எமக்கும் சம்பளம் அங்கேயே வந்துகொண்டிருந்தது. அவர் போன அன்று, கையிலிருந்த சுண்ணக்கட்டிப் பெட்டியை எம் மேசைமேல் வைத்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். விஜயராகவன் கதையைப் படித்த இரவு அந்தப் பெட்டிதான் எம் கண்முன் நின்றது.

அலீகரின் மீது பழி சுமத்துவது எம் நோக்கம் அன்று. அதன் கணித மரபு வைலோடு தொடங்கவும் இல்லை, அவரோடு முடியவும் இல்லை. கேம்பிரிட்ஜிலும் ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் கணிதம் பயின்று திரும்பிய டாக்டர் ஸர் ஸியாவுத்தீன் அஹ்மத் அங்கே தலைமுறைகளை உருவாக்கியவர்; பின்னர்த் துணைவேந்தராகவும் நெடுங்காலம் இருந்தவர். வைலுக்குப் பிந்திய ஆண்டுகளில் எஸ். எம். ஷா என்னும் குசராத்தியர் 1958-இல் அமெரிக்கா செல்லும் வரை அங்கே பணியாற்றி, முழுமைச் சார்புகள் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றார். மஸ்ஊதும் 1934-இல் பதவி விலகி, 1937-இல் போபாலில் மறைந்தார். நல்லெண்ணம் கொண்ட மனிதர். ஆயினும் தாம் கொண்டு வந்ததைத் தாமே காத்துக்கொள்ள இயலாது போயிற்று. வைலும் பொறுமை கொண்டிருக்கலாம். இருபத்து மூன்று வயது இளைஞரின் கையில் பிறருடைய பிழைப்பைத் தீர்மானிக்கும் எழுதுகோலைக் கொடுத்தது முதற்பிழை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் இழந்தது எத்தகையது என்பதைப் பின்னாளைய வரலாறு காட்டிற்று. வைல் 1949-இல் வெளியிட்ட ஊகங்கள் கணிதத்தின் ஒரு பெரும் பகுதிக்கு அடுத்த கால் நூற்றாண்டின் வழிகாட்டியாயின. 1958 முதல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வுக் கழகத்தில் இருந்து, 1998-இல் மறைந்தார். கோசம்பி கணிதத்தோடு நில்லாமல், பழங்காசுகளை நிறுத்துப் பார்த்து, புள்ளியியலைக் கருவியாக்கி, பண்டை இந்திய வரலாற்றை எழுதும் முறையையே மாற்றினார். பத்தாண்டுகள் மூவரும் ஒரே இடத்தில் இருந்திருப்பின், இந்தியாவின் கணிதத் தலைநகர் அலீகராக இருந்திருக்கும் என்று சொல்லத் துணிகிறோம். மிகை என்பார் சொல்லட்டும்.

டாக்காவில் விஜயராகவன் தனித்துப் போகவில்லை. 1921-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக் கழகத்தில் சத்தியேந்திரநாத் போஸ் இயற்பியல் பேராசிரியர். நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1933 வரை அங்கே பணியாற்றினார். நிலம் அமைதி தந்தது. 1932-இல் பிரெஞ்சுக் கணித மேதை எமீல் போரெல் கொண்டிருந்த ஓர் எண்ணத்தை விஜயராகவன் மறுத்துக் காட்டினார். குறித்த வகைச் சமன்பாடுகளின் தீர்வுகள் எவ்வளவு விரைந்து வளர்ந்தாலும் ஓர் எல்லைக்கு உட்பட்டே இருக்கும் என்பது போரெலின் கருத்து. அத்தகைய எல்லை இல்லை என்று நிறுவினார் நம்மவர். 1934-இல் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. மேலே சொன்ன எண்களைப் பற்றி 1940 முதல் தொடராகக் கட்டுரைகள் எழுதினார். பிரான்சில் சார்ல் பிஸோ 1938-இல் தம் ஆய்வேட்டில் அதே எண்களைத் தனியே ஆராய்ந்திருந்தார். இருவர் பெயரும் இணைந்தது இவ்வாறே. 1944-இல் சலெம் அவ்வெண்களின் தொகுதியைப் பற்றி ஒரு வியத்தகு பண்பை நிறுவினார். அதே ஆண்டில் சீகல் என்னும் ஜெர்மானியர் அவற்றுள் மிகச் சிறியது 1.3247 என்று தொடங்கும் எண் என்று காட்டினார்.

டாக்காவில் அவர் வாழ்ந்தவை பதினைந்து ஆண்டுகள். அவர் அங்கிருந்து புறப்பட்ட 1946, வங்காளம் குருதியில் நனைந்த ஆண்டு. வால்டேரில் ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் மூன்றாண்டுகள் பேராசிரியராக இருந்தார். அதன் பின்னர்ச் சென்னை.

வள்ளல் அழகப்பச் செட்டியாரைத் தமிழர் அறிவர். காரைக்குடியின் கல்விச்சாலைகள் அவர் பெயர் சொல்லும். இராமானுஜனின் நினைவாகக் கணித ஆய்வுக்கென்றே ஒரு நிலையத்தை அவர் தம் சொந்தப் பொருளில் நிறுவினார். 1950 சனவரி 26, நாடு குடியரசான அதே நாளில், இராமானுஜன் கணித நிலையம் சென்னையில் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் விஜயராகவன். அடுத்த ஆண்டில்தான் நம்மவர் சென்னையில் நியூ கல்லூரியையும், திருச்சியில் ஜமால் முஹம்மத் கல்லூரியையும் தொடங்கினர். விடுதலை பெற்ற நாட்டில் செல்வர்கள் கையை மூடிக்கொள்ளாத காலம் அது. இன்றைய செல்வர் திருமண மண்டபங்களில் கொட்டுவதை எண்ணினால் பெருமூச்சு வருகிறது. அது வேறு கட்டுரை.

ஆய்வு நிலையத்தின் தலைவர் பதவி வகுப்பறை ஆசிரியரின் பதவியைப் போன்றதன்று. பாடத்திட்டம் இல்லை, மணி அடிப்பதில்லை, தேர்வு முடிவு என்று காட்ட ஏதும் இல்லை. பொருள் தருபவர் ஒருவரே; அவர் மனமும் உடலும் நலமாயிருக்கும் வரை விளக்கு எரியும். அந்நிலையை ஐந்தாண்டுகள் நடத்திய விஜயராகவன், 1955 ஏப்ரல் 20 அன்று, 52 வயதிலேயே மறைந்தார். அவருக்குப் பின் வந்தவர் இராஜகோபால். அதே ஆனந்தராவின் மாணவர், கேரளத்துப் பழங்கணித நூல்களை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர். 1957-இல் அழகப்பரும் காலமானார். நிலையத்தை நடத்தப் பணம் இல்லை, மூடிவிடும் நிலை. அமெரிக்காவில் இருந்த வானியல் அறிஞர் எஸ். சந்திரசேகரிடம் இராஜகோபால் முறையிட்டார். சந்திரசேகர் தலைமை அமைச்சர் நேருவுக்கு எழுதினார். சென்னைப் பல்கலைக் கழகம் நிலையத்தை ஏற்றுக்கொண்டது. 1927 முதல் பல்கலைக் கழகத்தில் இயங்கி வந்த கணிதத் துறையும் இந்நிலையமும் 1967-இல் ஒன்றாகி, இராமானுஜன் உயர் கணித ஆய்வு நிலையம் என்னும் பெயரில் இன்றும் நடைபெறுகின்றன. ஓர் அறிஞரின் ஒரு கடிதம் செய்த வேலை அது. அலீகரில் வைலுக்காக அப்படி ஒரு கடிதம் யாரும் எழுதினரா என்று எம் மனம் கேட்கிறது.

இத்தனையும் திரட்டிய பின் எங்கள் தெருப் பிள்ளையை அழைத்து, மூன்று நாள் மாலைகளில் சொல்லி முடித்தோம். எண்களின் கதையை விட மனிதர்களின் கதையை அவர் கூர்ந்து கேட்டார். விஜயராகவன் அலீகரை விட்டுப் போன இடம் வந்தபோது, "அவர் ஏன் போக வேண்டும் ஹஜ்ரத்? தங்கி, தலைவராகி, துறையைக் காத்திருக்கலாமே" என்றார். எம்மிடம் உடனே விடை இல்லை. சுண்ணக்கட்டிப் பெட்டியின் கதையை அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் ஜவ்வரிசி ஆலை ரசீதொன்றின் பின்புறத்தில், ஒன்றுடன் இரண்டின் வர்க்கமூலம் கூட்டிய எண்ணைப் பன்னிரண்டாம் அடுக்கு வரை பெருக்கி எழுதிக்கொண்டு வந்தார். முழு எண்ணை ஒவ்வொரு வரியும் முன்னதை விட நெருங்கியிருந்தது. மேற்படிப்புக்குச் சேப்பாக்கத்து நிலையத்தில் இடம் கேட்டு எழுத எண்ணம் உண்டு என்றும், சென்னையில் தங்கினால் ஜும்ஆவுக்கு எங்கே போவது என்றும் கேட்டார். வாலாஜா பள்ளிவாசல் நடந்து போகும் தொலைவுதான் என்று சொன்னோம்.